புதன்கிழமைக் கைகள்

மலாக்காவில், காஜா பெராங் சடக்கு என்கிற சாலையோரத்தில் கோகிலா வைத்திருந்த தையல் கடையின் பக்கச் சுவரில் முதல் கை முளைத்தது 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு. அது ஒரு வலது கை. முழங்கைக்குச் சற்றுக் கீழே தொடங்கி வெளியே வந்து, விரல்களை விரித்து, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல மேல்நோக்கி நின்றது. ஒன்பது மணிக்குள் அதன் பக்கத்தில் இன்னும் ஆறு கைகள் வந்தன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொத்தம் நாற்பத்தொன்று. அன்றுதான் மலாயாவில் முதல் பொதுத்தேர்தல். ஊரெங்கும் வாக்குச்சாவடி திறந்திருந்தது. ஆனால் காஜா பெராங் தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமைத் தாள் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை. கோகிலாவுக்கும் இல்லை. கடையைத் திறந்து ஒரு மணி நேரமாகியும் ஆள் வராத எரிச்சலில், துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்துப்போய்ப் பக்கச் சுவரில் 'நமக்கும் ஓட்டு வேண்டுமா?' என்று எழுதிவிட்டு வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தாள். அதற்குமேல் தான் எதுவும் செய்யவில்லை என்று அவள் நாலு வருடம் ஊராரிடம் சொன்னாள். யாரும் நம்பவில்லை.

கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. மணிக்கட்டைப் பிடித்தால் நாடி ஓடியது. ஈ உட்கார்ந்தால் சற்றே அசைந்தன. கைக்குச் சொந்தக்காரர்கள் அந்நேரம் தத்தம் வேலையிடத்தில் தங்களுடைய இரண்டு கைகளோடும் சுகமாகத்தான் இருந்தார்கள். வலது தோளில் லேசாக ஊறல் எடுத்தது என்று பிற்பாடு சிலர் ஒப்புக்கொண்டார்கள். சடக்கு விளக்கு எரிகிற நேரத்தில் எல்லாக் கைகளும் மடங்கி உள்ளே போயின. சுவரில் கீறல்கூட இல்லை. எதிர்க் கோப்பிக்கடைச் சீனர் மட்டும் இது வியாபாரத்துக்கு நல்லது என்று சொல்லி, மறுநாளே வெளியே இரண்டு மேசை கூடுதலாகப் போட்டார்.

கோகிலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கிடையே பிறந்தவள். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் ஜெயபாலனைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வந்து, ஏகாம்பரம் என்பவருடைய கடைவீட்டை வாடகைக்கு எடுத்து ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இல்லை. யாரிடமும் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று அவள் சிரமப்பட்டதே கிடையாது. அதனால், சுவரில் கை முளைத்தது வேறு யாருடைய கடையிலாவது நடந்திருந்தால் தேங்காய் உடைத்திருக்கக்கூடிய ஊர், அவள் கடையில் நடந்ததால் உதட்டைப் பிதுக்கியது.

வியாழக்கிழமை அவள் வேறொரு கேள்வி எழுதிப் பார்த்தாள். ஒரு பல்லி வந்தது, அவ்வளவுதான். அடுத்த புதன்கிழமை மறுபடியும் கைகள் வந்தன. கேள்வி கேட்கப் புதன்தான் நாள் என்று அப்படித் தெரிந்துகொண்டார்கள். தமிழ்ப்பள்ளிக்குக் காலையில் மணி அடிப்பதா சங்கு ஊதுவதா என்பதிலிருந்து, கோழி வளர்ப்பவர்கள் கூண்டு போட வேண்டுமா என்பது வரைக்கும் ஆட்கள் கேள்வி கொண்டுவந்தார்கள். அவசரகாலச் சட்டம் நடப்பில் இருந்தது. நாலைந்து பேருக்கு மேல் கூடி நின்றால் போலீஸ் வரும். ஆகவே முடிவைப் பார்க்க வருகிறவர்கள் பொத்தான் வாங்குகிற சாக்கில் ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த வருடம் காஜா பெராங்கில் விற்ற பொத்தான் மலாக்காவின் மற்ற இடமெல்லாம் சேர்ந்து விற்றதைவிட அதிகம்.

முதலில் 'ஆமாம்' என்பவர்களின் கை மட்டும்தான் எண்ணிக்கைக்கு வந்தது. கை வராதவர்கள் வேண்டாம் என்கிறார்களா, அக்கறையே இல்லையா என்று தெரியவில்லை என ஒரு சண்டை வந்தது. கோகிலா சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் ஆமாம், வலது பக்கம் இல்லை என்று எழுதினாள். கைகள் அதைப் புரிந்துகொண்டன. கடைக்குச் சொந்தக்காரரான ஏகாம்பரத்துக்கு மட்டும் பெரும்பாலான புதன்கிழமைகளில் இரண்டு கைகள் முளைத்தன, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் எண்ணுவது என்று கோகிலா முடிவு செய்தாள். ஒன்றை ஒன்று அடித்துவிடும் என்பதால் அதில் யாருக்கும் நட்டமில்லை.

அந்த வட்டாரத்துத் தமிழர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதற்குப் பதினான்கு வருடமாகத் தலைவர் சுப்புராமன். செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறையாக ஊன்றிய குடும்பம், பண்டார் ஹிலிரில் ஜவுளிக்கடை. சங்கத்தின் நூற்றிருபது நாற்காலிகளும் பெரிய அண்டாக்களும் பாடையும் அவர் வீட்டுக் கொட்டகையில்தான் கிடந்தன. அவருக்குப் பிடிக்காதவன் வீட்டில் கல்யாணம் என்றால் நாற்காலிகள் எல்லாம் பழுது பார்க்கப் போயிருக்கும். சாவு என்றால் கொட்டகைச் சாவி தொலைந்திருக்கும். அவர் யாரையும் திட்டியதில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பண்டார் ஹிலிர்த் திடலில் விடுதலைக்குத் தேதி அறிவித்தார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தொண்டை கட்டிப்போய்த் திரும்பியவர்கள் அதே சூட்டில் சுவருக்கு ஒரு கேள்வி கொண்டுவந்தார்கள். நகரசபை வட்டாரத்துக்கு ஒரு பொதுக்குழாய் தருவதாக இருந்தது. அதைச் சலவைக்காரர் சந்தில் வைப்பதா, சுப்புராமன் வீட்டு வாசலில் வைப்பதா என்பதுதான் கேள்வி. புதன்கிழமை பத்து மணிக்கு, சந்து வேண்டும் என்ற பக்கத்தில் ஆறு தங்க வளையல் அணிந்த ஒரு கை வந்தது. அந்த வளையல்களைத் தெரியாதவர் காஜா பெராங்கில் இல்லை. அது சுப்புராமன் மனைவி லலிதாம்பாளின் கை. பொத்தான் வாங்க அன்று இருநூறு பேர் வந்தார்கள்.

வியாழக்கிழமையிலிருந்து லலிதாம்பாள் வாசலுக்கு வரவில்லை. அடுத்த புதன் அன்று சுவரில் இருந்த கேள்வி வேறு, அதுவும் சாதாரணமான கேள்வி. பத்து மணிக்கு அவர் கை வந்தபோது வளையல் ஒன்றுகூட இல்லை. மோதிர விரல் வீங்கி வளைந்திருந்தது, அதைச் சுற்றி மஞ்சள் தோய்த்த துணி கட்டியிருந்தது. கணவரின் கை எந்தப் பக்கம் இருந்ததோ, அதற்கு எதிர்ப் பக்கத்தில் அந்தக் கட்டோடு நின்றது.

கோகிலா அந்த விரலைப் பார்த்துவிட்டுத் துணி வாங்கப் போனாள். சாயங்காலம் ஜெயபாலன் வேலை முடிந்து வந்தபோது கடையில் மல் துணி மலைபோலக் கிடந்தது.

"எதுக்கு இவ்வளவு துணி?" என்றான்.

"நான் எழுதினதாலதான் அந்தம்மா விரலு ஒடைஞ்சுச்சு."

"நீயா ஒடைச்ச? அவரு ஒடைச்சாரு."

"எழுதினது நான்தானே."

அவள் தைத்தது உறைகள். முழங்கை வரை ஏறும் நீண்ட வெள்ளை உறைகள். விரல்கள் தனித்தனியாகத் தெரியாதபடி ஒரே பையாக, உள்ளே பஞ்சு வைத்து, மெலிந்த கையும் தடித்த கையும் வெளியே ஒன்றுபோலத் தெரிகிற மாதிரி. பழைய லோரிப் படுதா ஒன்றை வாங்கிச் சுவருக்கு முன்னால் திரையாகத் தொங்கவிட்டாள். புதன்தோறும் காலையிலிருந்து திரைக்குப் பின்னால் அவள் மட்டும் இருப்பாள். கை வர வர உறையை மாட்டுவாள். மாலை ஐந்து மணிக்குத் திரையை விலக்குவாள். இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உறைகள் நிற்கும். யார் எவர் என்று சொல்ல ஒரு மச்சம், ஒரு மோதிரம், ஒரு கித்தாக் கத்தித் தழும்புகூட வெளியே தெரியாது.

ஊர் இதற்காக அவளுக்கு நன்றி சொல்லும் என்று எதிர்பார்த்தால் அது ஊரைத் தெரியாதவர்களின் எதிர்பார்ப்பு. உறைக்குள் இருப்பது கையா கட்டையா என்று முதலில் கேட்டார்கள். அவளே நாலு கட்டையைச் செருகிவிட்டுக் கணக்குக் காட்டுகிறாள் என்றார்கள். அவள் சளைக்காமல் கம்போங் செட்டிக்குப் போய்த் தேவானை என்ற பெண்மணியை அழைத்துவந்தாள். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டி சமூகத்தார் நம்மைப் போலவே கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் பேசுவது மலாய். தேவானைக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது, யார் கேள்வி, என்ன கேள்வி என்பதும் தெரியாது. காலையில் பலகாரம் விற்றுவிட்டு, ஐந்து மணிக்குச் சாரோங்கை உதறிக் கட்டிக்கொண்டு வந்து, ஒவ்வோர் உறையையும் அழுத்திச் சூடு பார்த்து, 'ஸத்து, டுவா, தீகா' என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்றாக உரக்க எண்ணுவார். தமிழே தெரியாதவள் தமிழர் விவகாரத்தை எண்ணுவதா என்று அதற்கும் ஒரு கூச்சல் கிளம்பியது. எண்ணுவதற்குத் தமிழ் எதற்கு, கைகள் எந்தப் பாஷையும் பேசவில்லையே என்று மலாயில் கேட்டுவிட்டு அவர் அடுத்த உறையை அழுத்தினார்.

கேள்விகளை அவளே தேர்ந்தெடுக்கிறாள் என்று அடுத்த புகார் வந்தது. கோகிலா கடை வாசலில் ஒரு பால்மாவு டின் வைத்தாள். ஒரு தாளில் கேள்வியும், பத்துப் பேர் சம்மதத்துக்கு அடையாளமாகப் பத்துப் பொத்தானும் டின்னில் விழுந்தால் அந்தக் கேள்வி வரும் புதன்கிழமை சுவரில் ஏறும். அவளுக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஏறும். ஒரே ஒரு நிபந்தனை, கேள்வியில் வர்ணனை கூடாது. 'குடிகாரன் மருதமுத்துவின் நாற்றமெடுத்த ஆட்டுப்பட்டியை அகற்ற வேண்டுமா' என்று வந்தால், 'மருதமுத்துவின் ஆட்டுப்பட்டியை அகற்ற வேண்டுமா' என்றுதான் எழுதுவாள்.

அப்படியே விடுதலையும் வந்தது. 1957 ஆகஸ்டு முடிவில் ஊர் விளக்கு போட்டுக்கொண்டது, பட்டாசு வெடித்தது. குடியுரிமைக்கு மனுப் போடலாம் என்றார்கள். போடுவதா, இந்தியத் தாளையே வைத்துக்கொள்வதா என்று வீட்டுக்கு வீடு புகைந்தது. சுவரில் கேட்டார்கள். போடலாம் என்று நூற்று முப்பத்திரண்டு கை, வேண்டாம் என்று எழுபத்தொன்பது. எண்ணிக்கைதான் வெளியே தெரிந்தது. ஆனால் ஒவ்வொருவனும் அடுத்தவன் தன்னை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அண்ணன் தம்பியை, மாமியார் மருமகளைச் சந்தேகப்பட்டார்கள். பதில் எல்லோருக்கும் தெரிந்தது. யாருடைய பதில் என்பது ஒருத்திக்குத்தான் தெரிந்தது.

அதைத்தான் ஊரால் பொறுக்க முடியவில்லை. முன்பு அவளைப் பிடிக்காமல் இருந்தவர்கள் இப்போது அவளைக் கண்டு பயந்தார்கள். பயம் வந்த பிறகு வெறுப்பு நன்றாகக் கெட்டிப்பட்டது. அவள் எதிரே வந்தால் பெண்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். ஆண்கள் சிலுவார்ப் பைக்குள் விட்டுக்கொண்டார்கள். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் கையை நீட்ட மாட்டாமல் பழைய ரவிக்கையை வீசிவிட்டு, இதே அளவு என்று சொல்லிப் போனார்கள். பிறகு அதுவும் நின்று, தெங்கேராவிலிருந்த வேறு தையற்காரரிடம் போனார்கள். பாசாரில் அவளுக்கு மட்டும் கீரை தீர்ந்துபோயிற்று. பஸ்ஸில் ஜெயபாலன் நீட்டிய டிக்கெட்டை வாங்காமல், அந்தக் கை எங்கே எங்கே பட்டதோ என்றாள் ஒருத்தி. அவன் டிக்கெட்டை அவள் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனான். வீட்டில் அதைச் சொல்லவில்லை. பஸ்ஸிலிருந்த இன்னொருத்தி வந்து சொன்னாள், ஆறுதலுக்காக அல்ல.

1958-ஆம் ஆண்டு அக்டோபரில் டின்னுக்குள் ஒரு கேள்வி விழுந்தது. 'சங்கத் தலைவரை ஆண்டுதோறும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டுமா?' அதனோடு பத்துப் பொத்தான் அல்ல, முப்பத்தேழு பொத்தான் இருந்தது. அந்தப் புதன்கிழமை தேவானை எண்ணி முடிக்க இருபது நிமிடம் பிடித்தது. ஆமாம் என்று நூற்று அறுபத்து மூன்று. இல்லை என்று ஐம்பத்தெட்டு.

மறுநாள் காலை சுப்புராமனே கடைக்கு வந்தார். மூன்று வருடத்தில் அவர் அந்தப் படியேறியது அதுதான் முதல் தடவை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"யார் யாரு கை?" என்று கேட்டார்.

"எண்ணிக்கதான் என் வேல, ஐயா. பேரு இல்ல."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்லு."

"சொல்றதா இருந்தா உறை எதுக்கு ஐயா தைச்சேன்?"

அவர் மெதுவாகக் கடையைச் சுற்றிப் பார்த்தார். "என் சங்கத்துல நான் போட்ட நாற்காலில உக்காந்து சோறு தின்னவனுங்க அவனுங்க. சுவரு சொல்லுதுன்னு நான் எந்திரிச்சுப் போகணுமா? நாளைக்கு மரம் சொல்லும், மாடு சொல்லும். சட்டத்துல இருக்கா இது?"

"இல்ல ஐயா."

"அப்புறம் என்ன."

அவர் போய்விட்டார். தலைவர் பதவியையும் விடவில்லை. நூற்று அறுபத்து மூன்று பேரில் ஒருவர்கூட வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அந்த எண்ணிக்கை வெளியே வந்ததிலிருந்து, தன்னைக் கோகிலா காட்டிக்கொடுத்துவிடுவாளோ என்று நூற்று அறுபத்து மூன்று பேருக்கும் தூக்கம் போயிற்று. சுப்புராமனைவிட அவர்கள்தான் அவளை அதிகம் வெறுத்தார்கள். ஒருநாள் காலை திரை முழுவதும் தார் பூசிக் கிடந்தது. இன்னொரு நாள் கடைப்பலகை சாக்கடையில் கிடந்தது. வீட்டுக்காரர் ஏகாம்பரம் காலையில் வந்து கடையைக் காலி செய்யச் சொல்வார். மாலையில் வந்து, அவசரமில்லை, இருக்கட்டும் என்பார். இப்படிப் பதினொரு தடவை நடந்தது.

1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் டின்னைத் திறந்தபோது உள்ளே ஒரே மாதிரியான பத்துக் கறுப்புப் பொத்தான்கள் கிடந்தன. எல்லாம் சட்டையிலிருந்து அவசரமாக அறுத்தவை, நூல் தொங்கியது. முடிச்சு போட்டிருந்த விதத்திலேயே அது தன் கைவேலை, சுப்புராமன் கடை ஆட்களுக்குத் தைத்துக் கொடுத்த சட்டைகள் என்று கோகிலாவுக்குத் தெரிந்தது. தாளில் 'திமிர் பிடித்தவளும் ஊரைக் கெடுப்பவளுமான கோகிலா காஜா பெராங்கை விட்டுப் போக வேண்டுமா?' என்றிருந்தது. அவள் பென்சிலை எடுத்து வர்ணனையை அடித்தாள். மிச்சத்தைச் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"கிழிச்சுப் போடு," என்றான் ஜெயபாலன்.

"பத்துப் பொத்தான் இருக்கு."

"ஒன்னப் பத்துன கேள்வி இது. நீயே எழுதி, நீயே உறை மாட்டுவியா? பைத்தியமா ஒனக்கு?"

"மருதமுத்து ஆட்டுப்பட்டியப் பத்தி எழுதினப்ப அந்தாளுகிட்ட கேட்டேனா?"

அவன் சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு வந்து, "இந்த ஊருல இன்னும் எத்தன நாளைக்கு இப்படி," என்றான். அது கேள்வி மாதிரி இல்லாததால் அவள் பதில் சொல்லவில்லை.

புதன்கிழமை காலையில் தன் பெயரைத் தன் கையாலேயே சுவரில் எழுதிவிட்டுத் திரைக்குள் போனாள். எட்டு மணிக்குத் தொடங்கியது. வழக்கமாக மெல்ல முளைக்கிற கைகள் அன்று முண்டியடித்துக்கொண்டு வந்தன. பாதிக்கு மேல் இடது பக்கம், போக வேண்டும் என்ற பக்கம். அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள், பார்க்காமல் மாட்ட முடியாது. கல்யாணத்துக்கு முதல்நாள் ரவிக்கை கிழிந்துபோய், அழுதுகொண்டு வந்தவளுக்கு உட்கார்ந்த இடத்தில் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தப் பெண்ணின் கை இடது பக்கம். குடியுரிமை மனுவை நிரப்பிக் கொடுக்கச் சொல்லி வந்த நல்லையாவின் கை இடது பக்கம். பத்து மணிக்கு வளைந்த மோதிர விரலோடு லலிதாம்பாளின் கை வந்தது. அதுவும் இடது பக்கம்தான். கோகிலா உறையை எடுத்தாள். பிறகு அந்த விரல் மடங்கி வலிக்காதபடி, பஞ்சைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மாட்டினாள்.

பதினொன்றரைக்கு ஜெயபாலனின் கை வந்தது. டிக்கெட் அட்டையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கட்டைவிரல், நகத்தடியில் ஊதா மை. பதினாறு வருடமாகத் தான் போட்ட சோற்றைப் பிசைந்த கையை அவள் கோட்டுக்கு இடது பக்கத்தில் பார்த்தாள். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அவன் அப்போது அந்தச் சடக்கில்தான் டிக்கெட் கொடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். அவள் உறையை மாட்டி, சுவரையொட்டி நாடாவைக் கட்டினாள். முடிச்சு சரியாக விழ இரண்டு தடவை கட்ட வேண்டியிருந்தது.

மதியத்துக்குப் பிறகு வலது பக்கமும் நிறைய ஆரம்பித்தது. யாரும் எதிர்பார்க்காத ஆட்கள். அவளோடு ஒரு வார்த்தை பேசியிராதவர்கள். ஏகாம்பரத்துக்கு வழக்கம்போல இரண்டு. நாலரை மணிக்கு, இனி ஒன்றும் வராது என்று அவள் நினைத்தபோது, வலது பக்கத்துக் கடைசியில், இரண்டு கல் மோதிரம் போட்ட பெரிய கை ஒன்று வந்தது. அது சுப்புராமனின் கை. போக வேண்டாம் என்கிற பக்கத்தில் நிமிர்ந்து நின்றது.

கோகிலா அதைத் தொடக்கூட இல்லை. கறுப்புப் பொத்தான்களை அறுத்துப் போட்டவர்கள் அவருடைய ஆட்கள். கேள்வியும் அவர் சொல்லிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். அப்படியிருக்க இந்தக் கை ஏன் இங்கே வந்தது? ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தக் கைக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. அவருடைய வாய் யோசிக்காத ஒன்றை அவருடைய கை யோசித்திருந்தது. சுவர் சொல்லி ஒருத்தி ஊரைவிட்டுப் போனாள் என்றால், சுவர் சொல்வது நடக்க வேண்டும் என்று ஆகிவிடும். அக்டோபரில் சுவர் சொன்னது இன்னும் அழியாமல் ஊர் நினைவில் இருக்கிறது. அவள் இருக்கும் வரைதான் அவர் தலைவராக இருக்க முடியும்.

அந்தக் கைக்கு உறை மாட்டிவிட்டு எண்ணிப் பார்த்தாள். இடது தொண்ணூற்றேழு. வலது தொண்ணூற்றேழு. அப்போது அவளுக்கு வலது தோளில் லேசாக ஊறல் எடுத்தது. நாலு வருடத்தில் ஒருமுறைகூட அவளுக்கு அப்படி எடுத்ததில்லை. தலைக்குமேல், கோட்டுக்கு இடது பக்கம், ஊசி குத்திக் குத்திக் கறுத்த ஆள்காட்டி விரலோடு ஒரு கை வெளியே வந்து, விரல்களை விரித்து நின்றது. ஒருவர் தன் கையைத் தானே வெளியிலிருந்து பார்ப்பது விநோதமாகத்தான் இருக்கும். அவளுக்கு அது தான் நினைத்ததைவிடச் சிறியதாகத் தெரிந்தது. கடைசி உறையை எடுத்து, ஸ்டூலில் ஏறி நின்று அதற்கு மாட்டினாள். ஐந்து மணிக்குத் திரையை விலக்கினாள்.

தேவானை இரண்டு தடவை எண்ணினார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. அன்று யாரும் பொத்தான் வாங்குவதாகப் பாவனை செய்யவில்லை. சடக்கை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எவரும் கைதட்டவும் இல்லை, ஐயோ என்று சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மாட்டுவண்டியில் தையல் மிஷின், வெட்டுமேசை, இரண்டு டிரங்குப் பெட்டி ஏற்றினார்கள். ஜெயபாலன் மேசையின் ஒரு காலைப் பிடித்தபடி வண்டியோடு நடந்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இரண்டு ஓரமும் நின்றார்கள். வண்டி சுப்புராமன் வீட்டு வாசலுக்கு வந்ததும் கோகிலா அதை நிறுத்தச் சொன்னாள். அவர் மேல்துண்டோடு வெளியே வந்தார்.

"ஐயா, போய்ட்டு வரேன்," என்றாள்.

"போ," என்றார் அவர். "நான் போகச் சொல்லல."

"தெரியும் ஐயா. நீங்க சொல்லல. சுவரு சொன்னுச்சு, போறேன்." பிறகு குரலை உயர்த்தாமல், ஆனால் எதிர் ஓரத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "அக்டோபர்ல ஒங்களுக்கும் அது ஒண்ணு சொல்லியிருக்கு."

சுப்புராமன் மேல்துண்டைத் தோளில் சரி செய்தார். அவளைப் பார்க்க வந்த கூட்டம் மெல்லத் தலையைத் திருப்பி அவரைப் பார்க்கத் தொடங்கியது. வண்டி போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகும் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்தது. மூன்று வாரம் அப்படிப் பார்த்தார்கள். கடைக்குப் போகும்போதும் வரும்போதும், கோயிலிலும், ஒன்றும் பேசாமல். நாலாவது வாரம் அவர் கொட்டகைச் சாவியை ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினார். சங்கத்துக்கு முதன்முறையாகத் தலைவர் தேர்தல் நடந்தது. ஏகாம்பரம் ஜெயித்தார். அவர் தங்கள் ஆள் என்று இரண்டு கட்சியும் நினைத்திருந்தது.

கோகிலா தெங்கேராவில், கடல் காற்றில் ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கிற ஒரு கடைவீட்டில் மிஷினைப் போட்டாள். அந்தச் சுவரில் எதுவும் முளைக்கவில்லை, அவளும் எழுதிப் பார்க்கவில்லை. ஜெயபாலன் வேலைக்கு அங்கிருந்தே போய்வந்தான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது சில நாள் அவள் அவன் கையைப் பார்ப்பாள். கேட்கவில்லை. ஒருமுறை அவனாக, "நான் எந்தப் பக்கம்னு ஒனக்குத் தெரியும்ல," என்றான். "மீன்ல முள்ளு இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க," என்றாள் அவள். அந்த வருடம் ஆகஸ்டில் அடுத்த பொதுத்தேர்தல் வந்தபோது அவளுக்குக் குடியுரிமைத் தாளோடு உண்மையான ஓட்டும் இருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் வரிசையில் நின்று, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள். சின்ன வேலையாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முன்பு லலிதாம்பாள் தெங்கேராவுக்கு ரவிக்கை தைக்க வந்தார். கோகிலா நாடாவை எடுத்தாள். அந்த அம்மாள் கையை நீட்டாமல் நின்றார்.

"நீ அங்க இருந்தவரைக்கும் எனக்குப் பயமா இருந்துச்சு," என்றார். "என்னைப் பத்தி எல்லாந் தெரிஞ்ச ஒருத்தி ஒரே ஊருல இருந்தா யாருக்குத்தான் பிடிக்கும். இப்பவும் பிடிக்கல."

"கைய நீட்டுங்கம்மா," என்றாள் கோகிலா.

லலிதாம்பாள் நீட்டினார். அளவு எடுத்தாள். ரவிக்கை நன்றாகப் பொருந்தியது. ஆனால் அவர் திரும்ப வரவில்லை.

காஜா பெராங்கில் சுவரைத் தேவானை பார்த்துக்கொண்டார். கேள்விகளை ஏகாம்பரம் எழுதினார், இரண்டு தடவை அழித்து மூன்றாம் தடவை. கோகிலா போன மறுவாரமே, ஊசி குத்திக் கறுத்த விரலோடு அவளுடைய கை அந்தச் சுவரில் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. தேவானை எதையும் மறைக்கிற ஆள் இல்லையாதலால், ஒரு கை ஊரில் இல்லாதவளுடையது என்று சங்கத்தில் சொன்னார். அதை எண்ணலாமா கூடாதா என்று இரண்டு கூட்டம் போட்டுப் பேசினார்கள், முடிவு வரவில்லை. கடைசியில் சுவரிலேயே கேட்டார்கள். எண்ணக் கூடாது என்று பெரும்பான்மை வந்தது. நூற்று நாற்பதுக்கு ஐம்பத்திரண்டு. முடிவு தெங்கேராவுக்கு எட்டியபோது கோகிலா, சரியாக எண்ணியிருந்தார்களா என்று மட்டும் கேட்டாள். அந்த முடிவு கையைத் தடுக்கவில்லை. புதன்தோறும் அது வந்தபடிதான் இருந்தது. தேவானை மற்றக் கைகளுக்குப் போலவே அதற்கும் உறை மாட்டி, நாடா கட்டி, எண்ணி முடித்த பிறகு அது எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தில் ஒன்றைக் குறைத்துச் சொல்வார். எந்தப் பக்கம் என்று அவர் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஐந்தரை மணிக்கு எல்லோரும் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.